ஈசானிய மூலையில் ஒரு நீச்சல்குளம்

2008 ஏப்ரல் 6, ஞாயிறு

பெருமாநல்லூரில் இவருடைய சிநேகிதர் வீட்டுக் கிரகப்பிரவேசம். போனோமா, மொய் வைத்தோமா, சாப்பிட்டுத் திரும்பினோமா என்று இல்லை. அவர்கள் வீட்டுக்குப் பின்னால் நீலக் கல் பதித்து ஒரு நீச்சல்குளம் கட்டியிருக்கிறார்கள். அதைப் பார்த்ததிலிருந்து இவருக்கு வாய் மூடவில்லை. காரில் வரும்போதே ஆரம்பித்துவிட்டார்: "சித்ரா, நம்ம ஊட்டுலயும் ஒண்ணு போட்டா என்ன?"

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. டாலர் விழுந்து திருப்பூரே தலையில் கை வைத்து உட்கார்ந்திருக்கிறது. நம் பனியன் கம்பெனியில் பாதி மெஷின் துணி போர்த்திக் கிடக்கிறது. குடிக்கிறது கூழு, கொப்பளிக்கிறது பன்னீரா? "ஏனுங்க, நீஞ்சறது மறந்து போயிருக்காதுங்களா?" என்றேன். "கெணத்துல குதிச்சு வளந்தவன் நானு" என்கிறார். அந்தக் கிணற்றை மூடித்தானே கம்பெனி கட்டினீங்க மயில்சாமி அவர்களே! துணி வாங்குகிற வெளிநாட்டு பையர் வந்தால் வீட்டிலேயே தங்க வைக்கலாமாம், குளத்தைப் பார்த்தால் ஆர்டர் கூடுமாம். கேட்கிறவன் கேனயனா இருந்தா கேப்பையில நெய் வடியுதாம்.

சாயங்காலம் பின்னால் லைன் வீட்டுப் பக்கம் போனேன். நம் காம்பவுண்டுக்குள்ளேயே ஆறு வீடு, ஆறிலும் நம் கம்பெனி ஆட்கள். வேல்விழி வாசலில் உட்கார்ந்து புளியங்காய் தின்றுகொண்டிருந்தாள். என் செக்கிங் டேபிளில் இவளை மாதிரி துணியில் ஓட்டை கண்டுபிடிக்க ஆள் கிடையாது. ஆறு மாதம் முடிந்துவிட்டது. கல்யாணமாகி அஞ்சு வருஷம் கழித்து வந்த கர்ப்பம், அவளுக்கும் பயம், எனக்கும் பயம். "இந்தப் பிள்ள நல்லபடியா வரலைன்னா எங்க அத்தை அவருக்கு வேற பொண்ணு பாத்துருவாகக்கா. சொல்லியே விட்டாக" என்றாள். சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். அருப்புக்கோட்டைப் பக்கம் இருக்கிற அந்த மாமியார் சீனியம்மாளை நான் பார்த்ததில்லை. பார்த்தால் நாலு வார்த்தை கேட்பேன்.


ஏப்ரல் 10

கோயமுத்தூரிலிருந்து குளம் கட்டுகிற எஞ்சினியர் வந்தார், பிரபாகர் என்று பெயர். சின்ன வயசு. வந்ததும் வராததுமாக, "செப்டிக் டேங்க் எங்கங்க மேடம் இருக்கு?" என்று கேட்டார். காபி டம்ளரைக் கையில் கொடுக்கும் நேரத்தில் கேட்கிற கேள்வியா!

வாயு மூலையில், வாஸ்துப்படி, என்றேன். பெருமையாகவே சொன்னேன். நாலு வருஷத்துக்கு முன்னால் ஒரு தடவை நிரம்பி லாரி வந்தது, அதற்கப்புறம் நிரம்பவே இல்லை, அப்படி ஒரு டேங்க் என்று. அந்தப் பையன் என்னையே பார்த்தார். "நீங்களும் இருக்கறீங்க, லைன் வீட்டுல ஆறு குடும்பம் இருக்குது. நெறையாம எப்படிங்க? ஓவர்ஃப்ளோ எங்கயாச்சும் போகணுமே. அது தெரியாம நான் குழி போட முடியாதுங்க."

"பூமி குடிச்சிருதுங்க தம்பி" என்று சொல்லிவிட்டு இவர் டைல்ஸ் பேச்சுக்குத் தாவிவிட்டார்.


ஏப்ரல் 13, ஞாயிறு

இன்றைக்கு ஒரு அதிசயம். வாஸ்து நாச்சிமுத்து சொன்னதை இவர் எதிர்த்துப் பேசினார்!

நாச்சிமுத்து சொன்னார் என்று கேட்டை இடித்து மாற்றிய மனுஷன் இவர். சமையல்கட்டைத் திருப்பி வைத்ததில் மூன்று மாதம் நான் மொட்டை மாடியில் சமைத்தேன். அப்படிப்பட்டவர் இன்றைக்கு, குளம் ஈசானிய மூலையில்தான் வரவேண்டும் என்று நாச்சிமுத்து சொன்னதும், "வேற பக்கம் ஆகாதுங்களா?" என்று நாலு தடவை கேட்டார். வாயு மூலையில் டேங்க். அக்னி மூலையில் தண்ணீர் ஆகாது. கன்னி மூலையில் குழி தோண்டினால்? "ஊட்டு ஆம்பளைக்கு ஆகாதுங்க" என்று நாச்சிமுத்து ஒரே போடாகப் போட்டுவிட்டார். அதோடு இவர் கப்சிப்.

ஈசானிய மூலையில் இருக்கிறது ஒரு வறண்ட போர்வெல், அவ்வளவுதான். தண்ணீர் வற்றிப்போய், வாயில் கல்லைப் போட்டு மூடிக் கிடக்கிறது. அதற்கு என்ன இத்தனை யோசனை? "போர் ஓரமாத்தானே இருக்குது, தள்ளித் தோண்டினாப் போச்சு" என்று நானே சொன்னேன். என்னை முறைத்தார்.


ஏப்ரல் 21

டைல்ஸ் நீலமா பச்சையா என்று கேட்டார். கறுப்பு என்றேன். பேச்சுவார்த்தை இல்லை.


மே 2

வேல்விழிக்கு மூன்று நாளாகக் காய்ச்சல், வாந்தி. மசக்கை இந்த மாதத்திலுமா என்று கேட்டால், "தண்ணி ஒத்துக்கலையோ என்னமோக்கா, வாயெல்லாம் கசக்குது" என்றாள்.

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்துவிட்டது. இந்தப் பக்கத்திலேயே சாயப்பட்டறைச் சாயம் கலக்காத தண்ணீர் என்றால் அது நம் தண்ணீர். நொய்யல் பக்கம் போய்ப் பார்க்கச் சொல்லுங்கள், பக்கெட்டில் பிடித்தால் மாணிக்கம் மாதிரி சிவப்பாக நிற்கும். இங்கே எல்லோரும் செய்கிற சோதனையை நானும் செய்தேன். வெள்ளை பனியன் துணி ஒரு துண்டை எடுத்து, லைன் வீட்டுக் குழாய்த் தண்ணீரில் முக்கி, வெயிலில் உலர்த்தி, அவள் முகத்துக்கு நேரே காட்டினேன். துளி கறை இல்லை. "பாரு கண்ணு, பால் மாதிரி இருக்குது. தைரியமாக் குடி. நெறையக் குடி."

அவளும் ஒரு சொம்பு குடித்தாள்.


மே 7

கண் மஞ்சள். நகம் மஞ்சள். மஞ்சள் காமாலையாம். அவள் புருஷன் பாண்டித்துரை எங்கேயோ போய்க் கீழாநெல்லி பிடுங்கி வந்து அரைத்துக் கொடுத்திருக்கிறான். அதெல்லாம் போதாது என்று திட்டி, நம் காரிலேயே கிளினிக்குக் கூட்டிப் போனேன். டாக்டரம்மா வேல்விழி வயிற்றைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். "மாசமா இருக்கறப்ப இந்தக் காமாலை வந்தா ரொம்ப ஆபத்துங்க. அசுத்தத் தண்ணில வர்றது. எந்தத் தண்ணி குடிக்கறாங்க?"

நான் வாயைத் திறக்கும் முன் வேல்விழி சொன்னாள்: "எங்க ஓனர் வீட்டுத் தண்ணி டாக்டர். சாயமே இல்லாத தண்ணி."

அப்படியானால் ரோட்டுக்கடை பரோட்டாவாகத்தான் இருக்கும் என்று நினைத்து நானும் தலையாட்டினேன்.


மே 9, வெள்ளி

வரிசையாக எழுதிவிடுகிறேன்.

காலையில் பூஜை போட்டு ஜேசிபி இறங்கியது. இவர் பாங்குக்குப் போயிருந்தார். போகும்போது, "போர் பக்கம் போகாதீங்க, கொஞ்சம் தள்ளியே தோண்டுங்க" என்று டிரைவர் கன்னையனிடம் ரெண்டு தடவை சொல்லிவிட்டுத்தான் போனார். அந்தப் பக்கம் பாறை வந்துவிட்டது. கன்னையன் வண்டியை இந்தப் பக்கம் திருப்பி ஒரு வாரு வாரினான்.

டப் என்று ஒரு சத்தம். அப்புறம் நாற்றம்.

ஐயோ, அந்த நாற்றம்! சேலையால் மூக்கைப் பொத்திக்கொண்டு ஓடினேன். குழிக்குள்ளே நாலு இன்ச் பைப் ஒன்று உடைந்து, அதிலிருந்து கறுப்பாக ஊற்றுகிறது. எங்கிருந்து வருகிற பைப் இது? கன்னையன் இறங்கி மண்வெட்டியால் கொஞ்ச தூரம் கீறிப் பார்த்தான். ஒரு முனை டேங்க் இருக்கிற வாயு மூலைப் பக்கம் போகிறது. இன்னொரு முனை நேரே வறண்ட போரின் வாய்க்குள்.

எஞ்சினியர் பிரபாகர் ஹெல்மெட்டைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார். "லைன் வீட்டுக்குத் தண்ணி எந்தப் போர்ல இருந்துங்க மேடம்?" என்று கேட்டார். பின்னால் இருக்கிற போர் என்று கையைக் காட்டினேன். நம் வீட்டுக்கும் அதுதான். ரெண்டு போருக்கும் நடுவே கூப்பிடு தூரம்கூட இல்லை.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. எங்க பீத்தண்ணி. நாலு வருசமா எங்க பீத்தண்ணி அந்தப் போருக்குள்ள போய், பூமிக்கடியில ஓடி, இந்தப் போர் வழியா மேல வந்து... நான் முக்கினேனே துணிய! வெள்ளையாத்தானே இருந்துச்சு! நெறையக் குடின்னு சொன்னேனே சாமி!

குளியலறைக்கு ஓடி வாந்தி எடுத்தேன். வாய் கொப்பளிக்கக் குழாயைத் திறந்தேன். திறந்த கையோடு மூடினேன்.


அதே நாள், சாயங்காலம்

இவருக்குத் தெரியும்.

தெரியுமாம். அன்றைக்கு டேங்க் நிரம்பி லாரி வந்தபோது வீட்டில் விருந்துக்கு வந்த ஒறம்பரை இருந்தார்களாம், மானம் போய்விட்டதாம். கொத்தனார் யோசனை சொன்னாராம், "வறண்ட போரு சும்மாத்தானுங்க கெடக்குது, அதுல உட்டுருங்க" என்று. நான் ஒரு கல்யாணத்துக்கு ஊருக்குப் போயிருந்த நாலு நாளில் வேலை முடிந்துவிட்டது.

"அறநூறு அடிக்கு மேல புள்ள. பாதாளத்துக்குப் போயிரும்னு நெனச்சேன்" என்கிறார்.

"நம்ம சமையல்கட்டுக்கு மட்டும் போன வருசம் ஆர்.ஓ. மிஷின் வாங்கினீங்களே, எதுக்கு?"

"எனக்குக் கிட்னில கல்லு வந்துச்சே, அதுக்கு."

நிஜமா? நான் அவர் முகத்தையே பார்த்தேன். இருபத்திநாலு வருஷமாகப் பார்க்கிற முகம். பொய் சொன்னால் கண்டுபிடித்துவிடுவேன் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். தெரியவில்லை. எனக்குத் தெரியவில்லை.

"ஊருல யாரு பண்ணாம இருக்கா?" என்றார் கடைசியில்.


மே 10

லைன் வீட்டுக் குழாய் மோட்டாரை நானே நிறுத்தினேன். ஆறு வீட்டுக்கும் குடிக்கக் கேன் தண்ணீர், மற்றதற்கு லாரித் தண்ணீர் சொல்லிவிட்டேன். ஏன் என்று கேட்டார்கள். "மோட்டார் ரிப்பேர்" என்று இவர் பின்னாலிருந்து சொல்லிவிட்டார். நான் வாயைத் திறப்பதற்குள்.

இன்னும் ரெண்டு பேருக்குக் கண் மஞ்சள்.

பக்கத்துத் தோட்டத்துக் கருப்பாத்தாள் அக்காவிடம் மனசு தாங்காமல் சொன்னேன். அலறுவார் என்று பார்த்தால், "இதுக்கா கண்ணு அழுகற? எங்கூட்டுலயும் பழைய போருலதான் உட்டிருக்குது" என்று சொல்லிவிட்டு வெங்காயம் உரிக்கிறார். அப்படியானால் அவர்கள் தண்ணீர் எங்கே வருகிறது? யார் குடிக்கிறார்கள்?


மே 13

வேல்விழிக்குப் பேச்சு குழறுகிறது. திருப்பூரில் பார்க்க முடியாது என்று கோயமுத்தூருக்கு அனுப்பிவிட்டார்கள். வண்டி பிடித்து, கூடவே போய், டாக்டரிடம் கெஞ்சியது எல்லாம் இவர்தான். அவரும் அழுதார், நான் பார்த்தேன். அந்த அழுகை பொய்யில்லை. அதுதான் எனக்கு இன்னும் புரியவில்லை. இத்தனை இரக்கம் இருக்கிற மனுஷன் ஒரு வார்த்தை நிஜத்தைச் சொல்ல மாட்டேன் என்கிறாரே!

"சொன்னா கேஸ் ஆகும், பையர் பக்கமிருந்து ஆடிட்டுக்கு வர்றவன் நம்ம பேரையே அடிச்சிருவான், கம்பெனி மூடிக்கும், இருநூறு பேரு பொழப்பு போகும். சொன்னா அவ உடம்பு சரியாயிருமா?" என்று கேட்கிறார்.

இதற்கு எனக்குப் பதில் தெரியவில்லை.


மே 16

குழந்தை வயிற்றிலேயே இறந்துவிட்டது. ஆண் குழந்தை.


மே 17

வேல்விழி பிழைத்துக்கொள்வாளாம். கண்ணைத் திறந்து எல்லோரையும் பார்த்தாளாம். குழந்தையைக் கேட்கவே இல்லையாம்.


மே 26

கூட்டி வந்துவிட்டார்கள். கூடவே சீனியம்மாளும் வந்திறங்கினார். பார்த்தால் நாலு வார்த்தை கேட்பேன் என்றேனே, எந்த முகத்தோடு கேட்பது?

லைன் வீட்டு வாசலில் நின்று ஊர் கேட்கச் சொல்கிறார்: "வயித்துல பிள்ளைய வச்சுக்கிட்டு பப்பாளி தின்னாளோ, எந்தக் கடையில எதைத் தின்னாளோ! என் வம்சத்தைக் கருக்கிட்டாளே!" வேல்விழி உள்ளே சுவரைப் பார்த்துப் படுத்திருக்கிறாள். ஒரு வார்த்தை எதிர்த்துச் சொல்லவில்லை. என் டேபிளில் ஒரு தையல் விட்டுப்போனால் சூப்பர்வைசரையே கூப்பிட்டு நிறுத்துகிறவள்!

பாண்டித்துரை அம்மாவையும் தடுக்கவில்லை, இவளையும் தேற்றவில்லை. அவன் காதில் இவர்தான் ஓதியிருக்கிறார், பரோட்டாக் கடைதான் காரணம் என்று. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பார்கள் என்று கேள்விப்பட்டிருக்கிறேன். எங்க ஊட்டுலயே பாக்கறேன்.

குழியைப் பாதி மூடிவிட்டார்கள். பைப்பை வெட்டி அடைத்தாகிவிட்டது. நீச்சல்குளம் பேச்சே இல்லை.


மே 30

சீனியம்மாள் மகனைக் கூட்டிக்கொண்டு ஊருக்குப் போய்விட்டார். வேல்விழியை விட்டுவிட்டு. "நீ உங்க ஆத்தா வீட்டுக்குப் போ, பேசி முடிக்கிறோம்" என்று சொல்லிவிட்டுப் போனார்களாம். பேசி முடிப்பதென்றால் என்ன அர்த்தம் என்று சின்னக் குழந்தைக்கும் தெரியும்.

சொன்னால் உடம்பு சரியாகிவிடுமா என்று கேட்டாரே இவர். அன்றைக்குப் பதில் தெரியவில்லை. இன்றைக்குத் தெரிகிறது. உடம்பு சரியாகாது. ஆனால் அவள் செய்யாத குற்றத்துக்கு அவள் தலையைக் கொடுக்கிறாள், கொடுத்துக்கொண்டிருக்கிறாள், நான் காம்பவுண்டுக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து சாம்பாருக்குத் தாளிக்கிறேன்.


ஜூன் 1, ஞாயிறு

போனேன். துணிகளைப் பையில் திணித்துக்கொண்டிருந்தாள். உட்காரச் சொன்னாள். நான் உட்காரவில்லை.

சொல்லிவிட்டேன். டேங்க், பைப், வறண்ட போர், பின்னால் இருக்கிற போர் எல்லாம். எங்க ஊட்டுப் பீத்தண்ணியத்தான் நீ குடிச்ச, நான்தான் குடிக்கச் சொன்னேன் என்று. நடுவில் குரல் உடைந்து, விட்ட இடம் தெரியாமல் முதலிலிருந்து ஆரம்பித்தேன்.

அடிப்பாள் என்று நினைத்தேன். அடித்திருந்தால் வாங்கிக்கொண்டிருப்பேன். அவள் மெதுவாகக் கேட்டாள்:

"அப்ப என் மேல தப்பு இல்லையாக்கா?"

இல்ல கண்ணு. இல்ல. இல்ல. இல்ல.

அப்புறம்தான் அழுதாள். வாயில் துணியை அடைத்துக்கொண்டு அழுதாள். குழந்தை போன பிறகு அவள் அழுது நான் பார்த்தது இதுதான். நான் தொடப் போனேன், கையைத் தட்டிவிட்டாள். தட்டிவிட்ட கையாலேயே செல்போனை எடுத்தாள்.

"எங்க அத்தைகிட்ட நீங்க சொல்லுங்க. நான் சொன்னா நம்ப மாட்டாக. பழியைத் தட்டிக் கழிக்கிறேம்பாக. இப்பவே சொல்லுங்க."

அவளே நம்பரை அடித்து ஸ்பீக்கரில் போட்டாள். வாசலில் நிழல் விழுந்தது. திரும்பிப் பார்த்தேன், இவர். என்னைத் தேடிக்கொண்டு வந்திருக்கிறார். "சித்ரா, வேண்டாம் புள்ள" என்றார். கையெடுத்துக் கும்பிட்டார். இத்தனை வருஷத்தில் என்னைப் பார்த்து அவர் கும்பிட்டதில்லை. இருநூறு பேர் பொழப்பு, கம்பெனி, என் தாலி, எல்லாம் ஒரு நொடியில் கண் முன்னால் வந்துவிட்டுப் போனது.

"ஹலோ, யாரு?" என்றது அந்தப் பக்கம்.

"அம்மா, நான் திருப்பூர்ல இருந்து பேசறனுங்க. உங்க மருமக எதையும் திங்கலீங்க. அவ மேல ஒரு தப்பும் இல்லீங்க. எங்க ஊட்டுக் கக்கூஸ் தண்ணி குடிக்கற தண்ணில கலந்துருச்சுங்க. அதுதானுங்க உங்க பேரனைக் கொன்னது."

அந்தப் பக்கம் எங்கேயோ ஆடு கத்தியது. லைன் துண்டாகிவிட்டதோ என்று வேல்விழி போனைக் காதுக்குக் கொண்டு போனாள். அப்போது சீனியம்மாள் கேட்டார்:

"நீங்க யாரு தாயி?"

"அந்த ஊட்டுக்காரிங்க" என்றேன்.

திரும்பினேன். இவர் வாசற்படியில் உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்க்கவில்லை, அவளையும் பார்க்கவில்லை.


ஜூன் 3

சாப்பாடு எடுத்து வைத்தால் சாப்பிடுகிறார். பேசுவதில்லை.


ஜூன் 9

சுகாதாரத் துறையிலிருந்து ஆட்கள் வந்து பின்னால் இருக்கிற போர்த்தண்ணீரைப் பிடித்துப் போனார்கள். பாண்டித்துரை எழுதிக் கொடுத்த புகார். கேட்டதற்கெல்லாம் நான் பதில் சொன்னேன். குழி வெட்டிய இடத்தை யார் காட்டுவது என்று நான் எழுந்தபோது, இவர் எனக்கு முன்னால் நடந்து போய் வறண்ட போர் வாயிலிருந்த கல்லை நகர்த்திக் காட்டினார். யாரும் சொல்லாமல்.

கருப்பாத்தாள் அக்கா வேலிக்கு அந்தப் பக்கம் நின்று பார்த்துவிட்டு, என்னைக் கண்டதும் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.


ஜூன் 14, சனி

காலையில் பாண்டித்துரை வந்தான். தனியாகத்தான் வந்தான், அம்மா வரவில்லை. கணக்குத் தீர்க்க ஆபீஸ் பக்கம் போகவில்லை. நேரே லைன் வீட்டுக்குப் போனான்.

நான் சமையல்கட்டு ஜன்னலில் நின்று பார்த்தேன். ரொம்ப நேரம் கதவு சாத்தியிருந்தது. உள்ளே என்ன பேசினார்களோ. பிறகு ரெண்டு பேரும் வெளியே வந்தார்கள். பல்லடம் பக்கம் ஒரு தறிக்கூடத்தில் ரெண்டு பேருக்கும் வேலையாம், அடுத்த வீட்டுக்காரியிடம் சொன்னாளாம். என்னிடம் அவள் சொல்லிக்கொள்ளவில்லை. என் ஜன்னலைக் கடந்துதான் கேட்டுக்குப் போகவேண்டும், கடக்கும்போது என் பக்கம் முகத்தைத் திருப்பவில்லை. வயிறு சப்பென்று இருந்தது. நடை மட்டும் பழைய நடை.

அவள் பையைக் கீழே வைத்துச் செருப்பு வாரைச் சரி செய்தாள். நிமிர்வதற்குள் அவன் பையை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டான். அவள் கையை நீட்டினாள், அவன் கொடுக்கவில்லை. ரெண்டு பேரும் ஒன்றாகத்தான் ரோட்டுக்கு நடந்து போனார்கள்.